ஒரு பள்ளத்தையும் விடாதவர்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் ஜுராந்திருக்குத் தொடை கொஞ்ச நேரம் தானாக ஆடிக்கொண்டிருக்கும். கையில் கொடுத்தால் சிந்திவிடுவார் என்று அவர் மனைவி நெவ்ஸா காபியை மேஜைமேல்தான் வைப்பாள். ஆட்டம் நின்ற பிறகுதான் எடுத்துக் குடிப்பார். ஆறிப்போன காபியைக் குடித்தே ஒரு மனிதருக்குப் பாதி ஆயுள் கழிந்தது என்றால், எங்கள் ஊரில் அது ஜுராந்திர்தான்.

ஊருக்கு வெளியே, கரும்புக் காடுகளைத் தாண்டி, ஒரு கார் கம்பெனியின் சோதனைக் களம் இருக்கிறது. எங்களுக்கு அது வெறும் 'மைதானம்'. உள்ளே நடப்பது தெரியாமலிருக்க யூகலிப்டஸ் மரங்களை நெருக்கி நட்டு மறைத்திருக்கிறார்கள். அதனால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு: தலைக்கவசம், சீறிப் பாயும் கார், புகை, கைதட்டல். சாவ் பாவுலோ நகரத்திலிருந்து வந்த அவருடைய மச்சான் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு, அங்கே என்ன வேகத்தில் ஓட்டுவீர்கள் என்று கேட்டான்.

"முப்பது. பள்ளத்துல விழுவேன், எந்திரிப்பேன், மறுபடி விழுவேன். அவ்வளவுதான்," என்றார் ஜுராந்திர். மச்சானுக்கு முகம் தொங்கிப்போனது.

ஆனால் அவர் சொன்னது உண்மை. கடைக்கு வராத புதுக் காரைக் கறுப்பு வெள்ளைக் கோலம் போட்ட ஒட்டுத்தாளால் சுற்றி, அடையாளம் தெரியாமல் செய்து, இவர்கள் கையில் கொடுப்பார்கள். ஒருவர் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டிப் பாழாக்குகிற காரை இவர்கள் சில மாதங்களில் பாழாக்கிக் காட்ட வேண்டும். அதற்கென்றே உள்ளே ஒரு முரட்டுப் பாதை. கருங்கல் பாவிய தடம், அலை அலையான மேடு, சிமெண்டில் அச்செடுத்து வார்த்த பள்ளங்கள். நாட்டில் எங்கெங்கோ ஆட்களின் உயிரை வாங்கிய பள்ளங்களையெல்லாம் அளவெடுத்து வந்து இங்கே கட்டியிருக்கிறார்கள். ஓட்டுகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். முதலில் வருவது 'பல் டாக்டர்'. அடுத்தது 'பாதிரியார்', விழுந்ததும் கடவுள் பெயர் வாயில் வந்துவிடுமாம். கடைசியில் காத்திருப்பது 'மாமியார்'.

சக்கரம் பள்ளத்தின் நட்டநடுவில், சொன்ன வேகத்தில் விழ வேண்டும். காருக்குள் ஒரு பெட்டி எல்லாவற்றையும் பதிந்துகொண்டே வரும். ஒரு பள்ளம் தப்பினாலும் அந்தச் சுற்று கணக்கில் சேராது, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். எல்லோருக்கும் என்றாவது ஒருநாள் கை விலகும். மனிதக் கைதானே, வலியைக் கண்டால் ஒதுங்கத்தான் பார்க்கும். ஜுராந்திரின் கை மட்டும் ஒதுங்கியதில்லை. மைதானத்தில் சேர்ந்த நாள் முதல் அவர் தவறவிட்ட பள்ளம் என்று ஒன்று கிடையாது. அந்த மனிதருக்கு இருந்த ஒரே புகழ் அதுதான். புதிதாக வருகிறவர்களிடம், அதோ போகிறார் பார், ஒரு பள்ளத்தையும் விடாதவர், என்று காட்டுவார்கள்.

இந்தப் புகழுக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு கடைவாய்ப் பற்கள், இடுப்பெலும்பில் தேய்மானம், குனிந்து செருப்பு மாட்ட முடியாத முதுகு. காரின் ஓர் ஆணி தளர்ந்தால் பத்துப் பேர் சுற்றி நின்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஓட்டுகிறவனின் இடுப்பு தளர்ந்தால் அகலமாக ஒரு பெல்ட் கொடுப்பார்கள். இதைக் கேட்கிற எனக்குத்தான் ஆத்திரம் வருகிறது. அவருக்கு ஆத்திரப்படக்கூடத் தெம்பிருந்ததில்லை. அதே காரை அவரோடு மாற்றி மாற்றி ஓட்டுகிற திர்செவ் இறங்கியதும் கதை பேசுவான், சீட்டுக்கட்டை எடுப்பான். ஜுராந்திர் ஓய்வறைச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, தகர டப்பாவைத் திறந்து, சோற்றையும் பயற்றையும் மெதுவாக மெல்லுவார். ஒருபக்கமாகத்தான் மெல்ல முடியும்.

இதெல்லாம் மைதானத்தோடு போயிருந்தால் நெவ்ஸா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் கை வேலிக்கு வெளியேயும் அவரோடுதானே வருகிறது. எங்கள் ஊரில் எல்லோரும் பள்ளத்தைக் கண்டால் வளைந்து போவோம். ஜுராந்திர் வளைந்து வந்து விழுவார். வேண்டுமென்று இல்லை. தூரத்தில் பள்ளம் தெரிந்ததும் கண் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், கால் தானாக வேகத்தைக் குறைக்கும், கை தானாகத் திருப்பும். விழுந்த பிறகுதான் அவருக்கே தெரியும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அல்லது சிரிப்பார்கள்.

நெவ்ஸா கேக் செய்கிறவள். கல்யாணம், ஞானஸ்நானம், பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள், எதுவானாலும் எங்கள் ஊரில் அவள் கை கேக்தான். கிரீமில் அவள் சுற்றுகிற ரோஜாவைப் பார்த்தால் வெட்ட மனம் வராது. ஒருமுறை கசாப்புக் கடைக்காரர் மகளுக்கு நாலடுக்குக் கேக் செய்து, பின்சீட்டில் அதைக் கட்டிப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருக்க, ஜுராந்திர் ஓட்டினார். பெட்ரோல் பங்குக்கு முன்னால் ஒரு பழைய பள்ளம் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த பள்ளம். அவர் வேகத்தை முப்பதாக்கினார், திருப்பினார், நட்டநடுவில் இறக்கினார். மைதானமாக இருந்தால் பாராட்டியிருப்பார்கள். இங்கே மேலடுக்கு நெவ்ஸாவின் தோளைத் தாண்டி முன்சீட்டில் வந்து உட்கார்ந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவர் பிற்பாடு பலமுறை நினைத்தார். முடியில் ஒட்டிய கிரீமை வழித்துவிட்டு, கீழே இறங்கி, வீட்டுக்கு நடந்தே போனாள். அடுத்த கேக்கிலிருந்து வேறு ஏற்பாடு செய்துகொண்டாள். ஊரின் ஈமச்சடங்குக் கடையில் சவ வண்டி ஓட்டுகிற அமான்சியோவைப் பிடித்தாள்.

அமான்சியோவுக்கு எழுபதை நெருங்கும் வயது. அவர் ஓட்டினால் வண்டிக்குள் நிரப்பி வைத்த தண்ணீர்கூடத் தளும்பாது. பிணத்துக்கு வலிக்கவா போகிறது என்று கேட்டால், பின்னாலேயே பார்த்துக்கொண்டு வருகிறார்களே பிள்ளைகள், அவர்களுக்கு வலிக்கும் என்பார். முதல்முறை கல்யாண மண்டபத்து வாசலில் கறுப்பு வண்டி வந்து நின்றபோது மணப்பெண்ணின் தாய் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். போகப்போக ஊருக்குப் பழகிவிட்டது. சவ வண்டியில் வந்தால் கேக் உடையாமல் வரும் என்று ஆனது.

திர்செவுக்கு இது போதாதா? ஓய்வறையில் எல்லோர் முன்னாலும் குத்திக்காட்டினான்.

"உன் பொண்டாட்டி கேக்கைப் பொணத்தோட அனுப்புவா, உன்னோட அனுப்ப மாட்டா. இதுக்குமேல உனக்கு என்ன சான்றிதழ் வேணும், ஜுரா?"

ஜுராந்திரும் சேர்ந்து சிரித்தார். உள்ளே வலித்தது. வாழ்நாளெல்லாம் கார் ஓட்டிப் பிழைத்தவனைக் கட்டிய மனைவி நம்பி ஏற மாட்டாள் என்பது எந்த ஆண்பிள்ளைக்கும் வலிக்கும்.

அந்த வருடம் பிப்ரவரி மழை விடாமல் பெய்தது. ஒரு மத்தியானம் நெவ்ஸா ரோஜா சுற்றிக்கொண்டிருந்தபோது வலக்கண்ணின் ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை இறங்கியது. மேகம் மூடுகிறது என்று நினைத்து விளக்கைப் போட்டாள். திரை போகவில்லை. இடக்கண்ணில் அவளுக்குச் சிறுவயதிலிருந்தே மங்கல்தான். வலக்கண்ணை வைத்துத்தான் அத்தனை ரோஜாவும். சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு, விழித்திரை கழன்றிருக்கிறது, உடனே பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போ என்று எழுதிக் கொடுத்தார்கள். நகராட்சி நோயாளி வேனில் விடிவதற்குள் ஏறிப் போனாள். கண்களைக் காக்கும் புனிதை சாந்தா லுசியாவிடம், பார்வை திரும்பினால் திருநாளுக்குக் கேக் படைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு போனாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. விழித்திரையை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயுவை நிரப்பியிருந்தார்கள். சில நாள் முகத்தைக் கவிழ்த்தேதான் இருக்க வேண்டும், சாப்பிடும்போதும் தூங்கும்போதும். டாக்டரம்மா தொலைபேசியில் ஜுராந்திரிடமே சொன்னாள்: குலுங்கக் கூடாது. பலமாக ஒரு குலுக்கல் போதும், விழித்திரை மறுபடி கழன்றுவிடலாம். அப்புறம் என்னால் உறுதி சொல்ல முடியாது.

நகராட்சி வேன்காரன் ஓட்டுகிற லட்சணம் ஊருக்கே தெரியும். அதனால் நெவ்ஸா போகும் முன்பே அமான்சியோவிடம் சொல்லி வைத்திருந்தாள். நீ வேலைக்குப் போ, அண்ணன் என்னைக் கூட்டிவந்துவிடுவார் என்று கணவரிடமும் சொல்லியிருந்தாள். அவர் சரி என்றார்.

அழைத்து வர வேண்டிய நாள் காலையில் அமான்சியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். பத்திரப் பதிவாளர் இறந்துவிட்டார். எங்கள் பக்கம் இறந்தவரை மறுநாள்வரை வைத்திருக்க மாட்டார்கள். ஊரின் ஒரே டாக்சியும் அதே சாவுக்கு உறவுக்காரர்களை ஏற்றி வரப் போயிருந்தது. பெரிய ஊர் வாடகைக் கார்க்காரர்கள் எங்கள் சாலையின் பெயரைக் கேட்டாலே தொலைபேசியை வைத்துவிடுவார்கள். திர்செவைக் கேட்கலாம் என்றால் அவன் கையும் அதே மைதானத்துக் கைதான். ஜுராந்திர் விடுப்புச் சொல்லிவிட்டுத் தன் பழைய காரை எடுத்தார்.

நெவ்ஸா ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் கவிழ்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். தரை மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரியும். எதிரே வந்து நின்ற பூட்ஸைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துகொண்டாள்.

"அமான்சியோ அண்ணன் எங்க?"

"சாவு விழுந்துடுச்சு. பத்திரப் பதிவாளர்."

"அந்தாளு ஒரு கையெழுத்துக்கு மூணு மாசம் இழுத்தடிப்பான். சாகறதுல மட்டும் என்ன அவசரம்?" காலடியில் இருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "அப்ப நீயா ஓட்டப்போற?"

"நான்தான்."

அவள் புனிதையின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே எழுந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். காருக்கு வந்ததும் அவர் அவளை முன்சீட்டில் உட்கார வைத்து, மடியில் இரண்டு தலையணைகளை அடுக்கி, அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொள்ளச் செய்தார்.

நெடுஞ்சாலை வழுவழுவென்று போனது. அங்கே பயமில்லை. எங்கள் ஊருக்குப் பிரிகிற சாலைதான் எமன். போன அறுவடையில் கரும்பு லாரிகள் உடைத்ததை மழை வந்து அரித்து, தார் பாதி, பள்ளம் பாதி என்று கிடந்தது. திருப்பத்தில் இறங்கியதும் ஜுராந்திரின் கண் வேலையைத் தொடங்கிவிட்டது. அதோ ஒன்று, அதற்கு இடப்பக்கம் ஒன்று, பாலத்தை ஒட்டி அகலமாக ஒன்று. வேண்டாம், வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவற்றைப் பார்த்தார். பார்த்தபடியே போய் முதல் பள்ளத்தில் இறக்கினார்.

சின்னப் பள்ளம்தான். ஆனாலும் நெவ்ஸாவின் தலை தலையணையிலிருந்து எழும்பி விழுந்தது. அவள் விரல்கள் அவர் தொடையை இறுகப் பற்றின. அவர் காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஐம்பத்து நாலு வயது மனிதர், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

"என் கை என் பேச்சைக் கேக்கல, நெவ்ஸா. நான் நடந்தே போய் யாரையாவது கூட்டிட்டு வரேன்."

தலையணைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. கோபம் இருந்தது, ஆனால் கேக் விழுந்த நாளில் இருந்த விலகல் இல்லை. "எங்க பாத்து ஓட்டின?"

"பள்ளத்தைத்தான். அதுல விழக் கூடாதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அதையே பாத்தா அதுலதான் போய் விழுவ. நான் கேக்குல பேர் எழுதறப்ப கிரீம் எங்க கோணிச்சுன்னு பாக்க மாட்டேன். அடுத்த எழுத்து வர வேண்டிய இடத்தைப் பாப்பேன். கை பின்னாலயே வந்துடும். நீ பள்ளத்தை விடு. நல்லா இருக்குற ரோட்டைப் பாரு."

"நல்ல ரோடு எங்க இருக்கு இங்க?"

"இருக்கும். பாரு. பாத்து எனக்குச் சொல்லிக்கிட்டே ஓட்டு. என்னாலதான் பாக்க முடியலையே."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். இத்தனை வருடத்தில் தாரைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உடையாத இடமும் இருந்தது, இடுக்கு இடுக்காக. அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். இதோ ஒரு கை அகலத்துக்கு இருக்கு, இதோ புல் ஓரமா கொஞ்சம் நீளுது, இங்க ரெண்டு சக்கரத்துக்கும் போதும். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து தாண்டிப் போனது. நெவ்ஸா கவிழ்ந்தபடியே, ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். நடந்து போனால்கூட இதைவிடச் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பள்ளத்திலும் சக்கரம் இறங்கவில்லை, பெட்ரோல் பங்குப் பள்ளம் உட்பட.

வீடு வந்த பிறகும் நிம்மதி இல்லை. அந்த ஒரு குலுக்கல் என்ன செய்ததோ, அடுத்த வாரம் டாக்டரம்மா பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஜுராந்திர் அந்தக் கவலையோடு வேலைக்குப் போனார். முரட்டுப் பாதையில் ஏறினார். 'பல் டாக்டர்' வந்தது. அவர் கண் அதற்குப் பக்கத்திலிருந்த சிமெண்டில் போய் நின்றது, சக்கரமும் அங்கேயே போனது. பெட்டி கூவியது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். 'பாதிரியார்' தப்பியது. மூன்றாம் முறை 'மாமியார்' தப்பியது. சாயங்காலத்துக்குள் அவர் பெயரில் ஒரு நல்ல சுற்றுகூட ஏறவில்லை. திர்செவ் கேலி செய்ய வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து, காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாளும் அதே கதைதான். மேற்பார்வையாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். ஜுராந்திரை முரட்டுப் பாதையிலிருந்து எடுத்து வட்டப் பாதையில் போட்டார். வழவழப்பான பாதை, ஒரே வேகம், நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவது. ஓட்டுநர்கள் அதைத் 'தொட்டில்' என்பார்கள். ஓய்வுபெறப் போகிறவர்களையும் உடம்பு ஒடிந்தவர்களையும் தூங்க வைக்கிற இடம். இனி அவரை யாரும் யாருக்கும் சுட்டிக் காட்ட மாட்டார்கள்.

வீட்டில் நெவ்ஸா மேஜைமேல் கைகளை மடக்கி முகத்தைக் கவிழ்த்திருந்தாள். அவர் தானே காபி போட்டு எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார்.

"என்னாலதானே?" என்றாள்.

"உன்னாலதான்."

"வருத்தமா?"

அவர் யோசித்துப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. அதற்கடியில் வேறொன்று, இத்தனை காலமும் சொல்லாதது, இருந்தது. "அசதியா இருக்கு, நெவ்ஸா. சேர்ந்த நாள்லேர்ந்து அசதி. சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல."

அவள் முகத்தை நிமிர்த்தக் கூடாதே. கையை மட்டும் நீட்டித் துழாவி அவர் தொடையின்மேல் வைத்தாள். அது ஆடவில்லை. காபி சூடாகவே இருந்தது.

அடுத்த வாரமும் அவர்தான் ஓட்டிப் போனார். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒட்டியிருக்கிறது என்றாள். ஜுராந்திர் அதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பார்வை மெல்லத்தான் திரும்பியது. நேர்கோடு கொஞ்சம் வளைந்து தெரிவதாக நெவ்ஸா இன்றும் சொல்வாள். அவளுடைய ரோஜாக்கள் இப்போது ஒருபக்கம் லேசாகச் சாய்ந்திருக்கின்றன. எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை.

டிசம்பரில் சாந்தா லுசியா திருநாள் வந்தது. நேர்ந்தபடி மூன்றடுக்குக் கேக், முழுக்க வெள்ளை. அமான்சியோ சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வண்டியோடு வந்துவிட்டார். வாசலில் நின்ற நெவ்ஸா, வேண்டாம் அண்ணா, ஜுரா இருக்கார் என்றாள். அமான்சியோ அவளைப் பார்த்தார், ஜுராந்திரைப் பார்த்தார், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"கேக் போனாப் போகுது. ஆனா உன்னை மட்டும் நான்தான் கொண்டுபோவேன், ஜுரா. குலுங்காம."

"அவசரமில்ல அண்ணே," என்றார் ஜுராந்திர்.

கேக்கைப் பின்சீட்டில் வைத்தார்கள். அதைப் பிடித்துக்கொள்ள நெவ்ஸா பக்கத்தில் ஏறுவாள் என்று நினைத்து ஜுராந்திர் பின்கதவைத் திறந்தே வைத்திருந்தார். அவள் அதைச் சாத்திவிட்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பத்திரப் பதிவாளரின் விதவை அதற்குள் யாரோடு சுற்றுகிறாள் என்ற கதையை ஆரம்பித்தாள். பெட்ரோல் பங்க் வந்தது. அவள் பேச்சையும் நிறுத்தவில்லை, பின்னால் திரும்பியும் பார்க்கவில்லை.